மூன்று சர்வர், ஒரே கணக்கு: ஒருமித்த முடிவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் மண்டிகளுக்கும் கடைகளுக்கும் பில்லிங், இருப்புக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பது என் தொழில். ஒரே கணக்கைப் பல சர்வர்களில் வைப்பது எப்படி என்று கல்லூரிப் பிள்ளைகளும் கேட்கிறார்கள், கடைக்காரர்களும் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

உதாரணத்துக்கு ஒரு கற்பனை வியாபாரத்தை எடுத்துக்கொள்வோம். ஏற்காட்டில் தோட்டக்காரர்களிடம் மிளகும் காப்பிக்கொட்டையும் வாங்கி வைக்கும் ஒரு கிடங்கு. கீழே சேலத்தில், செவ்வாய்பேட்டையில் மொத்த விற்பனைக் கடை. ஐந்து ரோடு பக்கம் அலுவலகம். இடத்துக்கு ஒரு சர்வர். கிடங்கில் 40 மூட்டை மிளகு இருக்கிறது. எல்லாப் பதில்களிலும் இந்த 40 மூட்டைதான் வரும்.

ஒருமித்த முடிவு என்றால் சரியாக என்ன?

பல கணினிகள் ஒரு கேள்விக்கு ஒரே விடையை முடிவு செய்ய வேண்டும். நடுவில் சில கணினிகள் செத்துப்போகலாம்; செய்திகள் தாமதமாகலாம், தொலைந்தும் போகலாம். இதுதான் பிரச்சினை. தீர்வு என்று ஒன்றைக் கொண்டுவருபவர் மூன்று நிபந்தனைகளை நிறைவேற்றிக் காட்ட வேண்டும். முடிவுக்கு வந்த எந்த இரண்டு கணினியும் வேறு வேறு விடை சொல்லக் கூடாது. அந்த விடை, யாரோ ஒருவர் உண்மையில் முன்வைத்ததாக இருக்க வேண்டும். "எப்போதும் பூஜ்யம்" என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது. உயிரோடு இருக்கும் கணினிகள் என்றைக்காவது முடிவுக்கு வந்தே ஆக வேண்டும்.

முதல் இரண்டும் தப்பு நடக்கக் கூடாது என்கின்றன. மூன்றாவது, வேலை நடக்க வேண்டும் என்கிறது. இந்தப் பக்கம் முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இழுபறிதான். என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இரண்டில் ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் வேலை நிற்கட்டும், தப்புக் கணக்கு வேண்டாம். நின்ற சர்வரை எழுப்பிவிடலாம். ஒரே மூட்டையை இரண்டு பேருக்கு விற்றுவிட்டு, லாரி கிளம்பிய பிறகு யாரிடம் போய்த் திரும்பக் கேட்பது?

நடைமுறையில் ஒரே ஒரு விடையோடு விஷயம் முடிவதில்லை. 1ஆம் பதிவு என்ன, 2ஆம் பதிவு என்ன என்று ஒவ்வொன்றுக்கும் ஒருமித்த முடிவு எடுத்துக்கொண்டே போக வேண்டும். அந்த வரிசைக்கு லாக் என்று பெயர். மூன்று சர்வரும் ஒரே லாக்கை ஒரே வரிசையில் செயல்படுத்தினால் மூன்றிலும் ஒரே இருப்புத்தான் வரும்.

ஒரே சர்வரில் வைத்துக்கொண்டு தினமும் பேக்கப் எடுத்தால் போதாதா?

பல கடைகளுக்குப் போதும். அரை நாள் சர்வர் நின்றாலும் கையால் பில் போட்டுச் சமாளித்துவிடலாம் என்கிறவர்கள் மூன்று சர்வர் வாங்க வேண்டியதில்லை. நிற்கவே கூடாது, கடைசியாகப் போட்ட பில்கூடத் தொலையக் கூடாது என்கிற இடத்தில்தான் இந்தக் கதை தொடங்குகிறது.

"கிடைத்தது" என்று ஒருவருக்கொருவர் உறுதி அனுப்பிக்கொண்டால் தீர்ந்துவிடாதா?

தீராது. செவ்வாய்பேட்டை சர்வர் ஏற்காட்டுக்கு "30 மூட்டை நான் விற்கிறேன்" என்று அனுப்புகிறது. ஏற்காடு "சரி" என்கிறது. அந்த "சரி" போய்ச் சேர்ந்ததா என்று ஏற்காட்டுக்குத் தெரியாது. ஆகவே செவ்வாய்பேட்டை "உன் சரி கிடைத்தது" என்று அனுப்ப வேண்டும். இப்போது அது சேர்ந்ததா என்று செவ்வாய்பேட்டைக்குத் தெரியாது. இப்படியே எத்தனை முறை போனாலும் கடைசியாக அனுப்பியவர் சந்தேகத்தோடுதான் உட்கார்ந்திருப்பார். அந்தக் கடைசிச் செய்தி இல்லாமலே முடிவு எடுக்கலாம் என்றால் அது தேவையே இல்லை, அதை எடுத்துவிடலாம். அதற்கு முந்தியதற்கும் இதே நியாயம். எடுத்துக்கொண்டே வந்தால் ஒரு செய்தியும் இல்லாமல் முடிவெடுத்ததாக ஆகிறது. ஆக, செய்தி தொலையக்கூடிய கம்பியில் இருவருக்கும் முழு நிச்சயம் கிடைக்கவே கிடைக்காது. இரண்டு படைத் தளபதிகள் பிரச்சினை என்று இதைச் சொல்வார்கள். 1975இல் ஒரு ஆய்வுக்கட்டுரையில் வந்தது. 1978இல் தரவுத்தள ஆய்வாளர் ஜிம் கிரே எழுதியதிலிருந்து பரவலாகத் தெரியவந்தது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: ஒருமித்த முடிவு முறைகள் எவையும் "எல்லாருக்கும் தெரியும் என்று எல்லாருக்கும் தெரியும்" என்ற நிலைக்கு முயற்சி செய்வதில்லை. அதைவிடக் குறைவான ஒன்றைக் கேட்டு, அதை வைத்தே காரியத்தை முடிக்கின்றன.

ஒரு சர்வர் செத்துவிட்டதா, மெதுவாக இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்டுபிடிக்க முடியாது. இந்தத் துறையின் எல்லாத் தலைவலிக்கும் வேர் இதுதான் என்பது என் எண்ணம்.

அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாறை சரிந்தோ மரம் விழுந்தோ லைன் போய்விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து ரோட்டில் உட்கார்ந்து பார்த்தால், ஏற்காட்டு சர்வர் எரிந்துபோனாலும் பதில் வராது, கம்பி அறுந்தாலும் வராது, சர்வர் வேறு வேலையில் திணறிக்கொண்டிருந்தாலும் வராது. மூன்றுக்கும் இங்கே தெரியும் அடையாளம் ஒன்றுதான்: மௌனம். ஆனால் ஏற்காட்டில் அந்த சர்வர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கலாம், கிடங்கு ஆள் அதில் பில் போட்டுக்கொண்டும் இருக்கலாம்.

1985இல் ஃபிஷர், லின்ச், பேட்டர்சன் என்ற மூவர் இதைக் கணித நிரூபணமாகவே வெளியிட்டார்கள். செய்திகள் எவ்வளவு நேரத்தில் வரும் என்பதற்கு எந்த வரம்பும் இல்லை, ஒரே ஒரு கணினி செத்துப்போகலாம், செயல்முறையில் தற்செயலுக்கு இடமில்லை. இந்த மூன்றும் சேர்ந்தால், கட்டாயம் முடிவுக்கு வந்தே தீரும் என்று சொல்லக்கூடிய ஒருமித்த முடிவு முறை எதுவுமே இருக்க முடியாது.

நிரூபணத்தின் மையக் கருத்து அழகானது. தொடக்கத்தில், முடிவு இந்தப் பக்கமும் போகலாம், அந்தப் பக்கமும் போகலாம் என்ற ஊசலாட்ட நிலை ஒன்று நிச்சயம் இருக்கிறது என்று முதலில் காட்டுகிறார்கள். ஊசலாட்டத்தை முடித்துவைக்கப்போகும் செய்தி எதுவாக இருந்தாலும், அதைக் கொஞ்சம் தாமதப்படுத்தி மற்றவற்றை முன்னால் விட்டால் மறுபடியும் ஊசலாட்ட நிலைக்கே வந்துவிடலாம் என்று அடுத்துக் காட்டுகிறார்கள். எந்தச் செய்தியும் நிரந்தரமாகத் தொலையவில்லை, எல்லாம் ஒருநாள் சேர்ந்துவிடுகிறது. ஆனாலும் முடிவு மட்டும் வருவதேயில்லை.

முடியாது என்று நிரூபித்துவிட்டார்களே, அப்புறம் எப்படி ஓடுகிறது?

நிரூபணத்தின் நிபந்தனைகளில் ஒன்றைத் தளர்த்தினால் வழி திறக்கிறது. அந்த 1985 கட்டுரைக்கு முன்பே, 1983இல் பென்-ஓர், முடிவு இழுபறியாகும்போது நாணயம் சுண்டுவதுபோல் தற்செயலாக ஒரு பக்கம் சாயச் சொன்னார். தாமதத்தைத் திட்டமிட்டு ஏற்படுத்துகிறவன் ஒருவன் இருந்தாலும், தற்செயலை அவனால் முன்கூட்டி அறிய முடியாது. 1988இல் டுவொர்க், லின்ச், ஸ்டாக்மேயர் வேறு வழி சொன்னார்கள்: நெட்வொர்க் எப்போதும் ஒழுங்காக இருக்க வேண்டாம், ஏதோ ஒரு கட்டத்துக்குப் பிறகு ஒழுங்காக இருந்தால் போதும். 1996இல் சந்திராவும் டூயெக்கும், யார் செத்தார் என்று ஊகிக்கும், சில சமயம் தப்பாகவே சந்தேகப்படும் பழுதுகாட்டியை வைத்துக்கொண்டும் முடிவுக்கு வரலாம் என்று காட்டினார்கள்.

இன்று நாம் பயன்படுத்தும் மென்பொருள்கள் பெரும்பாலும் இரண்டாவது வழியில் போகின்றன. அதில் ஒரு ஒழுக்கம் இருக்கிறது. கடிகாரமும் டைம்அவுட்டும் (பதிலுக்கு இவ்வளவு நேரம்தான் காத்திருப்பேன் என்ற வரம்பு) வேலை நடப்பதற்கு மட்டுமே உதவ வேண்டும். கணக்குச் சரியாக இருப்பதற்கு அவற்றை நம்பியிருக்கக் கூடாது. டைம்அவுட் தப்பாக அடித்தால் கொஞ்சம் நேரம் வீணாகலாம். ஒரு மூட்டைகூடத் தப்பாக விற்கப்படக் கூடாது.

ஏன் பெரும்பான்மை? 3, 5 என்று ஏன் ஒற்றைப்படையில் சொல்கிறார்கள்?

பெரும்பான்மை இரண்டை எப்படி எடுத்தாலும் இரண்டிலும் பொதுவாக ஒருவராவது இருப்பார். மூன்று பேரில் இருவர் இருவராக இரண்டு கூட்டணி போட்டுப் பாருங்கள். ஒருவராவது இரண்டிலும் இருந்தே தீர வேண்டும். இந்தச் சின்ன உண்மையின் மேல்தான் கட்டடம் முழுவதும் நிற்கிறது. முதல் கூட்டணி ஒரு முடிவை எடுத்துவிட்டால், அடுத்த கூட்டணியில் அதைத் தெரிந்தவர் ஒருவர் கட்டாயம் உட்கார்ந்திருப்பார். "பொறுங்கள், ஏற்கெனவே 30 மூட்டை விற்றாயிற்று" என்று அவர் சொல்லிவிடுவார்.

முன்னே சொன்னேனே, எல்லாருக்கும் தெரிவது என்ற நிலையைவிடக் குறைவான ஒன்று என்று, அது இதுதான். எல்லாருக்கும் தெரிய வேண்டாம். அடுத்து யார் கூடினாலும் அவர்களில் ஒருவருக்குத் தெரிந்திருந்தால் போதும்.

எண்ணிக்கை விஷயம். 3 சர்வரில் பெரும்பான்மை 2. ஒன்று போனால் தாங்கும். 5இல் 3, இரண்டு போனால் தாங்கும். 4இல் பெரும்பான்மை 3. இதுவும் ஒன்று போனால் மட்டுமே தாங்கும். ஆக, நாலாவது சர்வருக்குக் கொடுத்த காசுக்குத் தாங்கும் சக்தி கூடவில்லை, பழுதாகக்கூடிய பெட்டி ஒன்று கூடியிருக்கிறது. இரட்டைப்படை தப்பில்லை, பிரயோசனம் இல்லை. அவ்வளவுதான்.

"ஏங்க தம்பி, மூணு மிஷின் வாங்கச் சொல்றீங்களே, ரெண்டு போதாதா?"

செவ்வாய்பேட்டைப் பக்கம் இந்தக் கேள்வி கேட்காத கடை இல்லை. இரண்டில் பெரும்பான்மை 2. அதாவது எது போனாலும் இரண்டும் நிற்கும். ஒரே சர்வர் வைத்திருப்பதைவிட நிற்கும் வாய்ப்பு அதிகம். "ஒன்று போனால் இன்னொன்று தானாக ஓடட்டும்" என்று வைத்தால் இன்னும் மோசம்: நடுவில் கம்பி மட்டும் அறுந்தாலே இரண்டும் "அவன் செத்துவிட்டான், நானே ராஜா" என்று தனித்தனியாக விற்க ஆரம்பித்துவிடும்.

காசுதான் பிரச்சினை என்றால் மூன்றாவதைச் சின்னப் பெட்டியாக வாங்கலாம். சில மென்பொருள்கள், முழுத் தரவையும் வைத்துக்கொள்ளாமல் வாக்கு மட்டும் போடும் சாட்சி சர்வருக்கு இடம் கொடுக்கின்றன. ஆனால் அதை மற்ற இரண்டில் ஒன்றின் பக்கத்திலேயே, அதே பிளக்பாயிண்டில் வைக்காதீர்கள்.

பேக்ஸாஸ் என்கிறார்களே, அது என்ன?

ஒருமித்த முடிவுக்கு வர லெஸ்லி லாம்போர்ட் கண்டுபிடித்த முறை. கற்பனையான கிரேக்கத் தீவு ஒன்றின் நாடாளுமன்றக் கதையாக அதை எழுதி 1990இல் அனுப்பினார். இதழில் வெளிவந்தது 1998இல். கதை வடிவம் பலருக்கும் பிடிபடவில்லை என்பதால் 2001இல் நேரடியாக விளக்கி இன்னொரு முறை எழுதினார். கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது 2013ஆம் ஆண்டுக்கு அவருக்குக் கிடைத்தது. ஓகியும் பார்பரா லிஸ்கோவும் 1988இலேயே மிக நெருங்கிய ஒரு முறையைத் தனியாகக் கண்டுபிடித்திருந்தார்கள். அவர்களுடைய பெயர் அடிபடாமல் போவது எனக்கு வருத்தம்.

முறை இரண்டு சுற்று. முன்மொழிபவர் ஒரு எண்ணை எடுத்துக்கொண்டு எல்லாரிடமும், "இந்த எண்ணுக்குக் கீழே வரும் எதையும் இனி ஏற்காதே, இதுவரை எதையாவது ஏற்றிருந்தால் சொல்" என்று கேட்கிறார். பெரும்பான்மை பதில் சொன்னதும், அதில் யாராவது ஏற்கெனவே ஒன்றை ஏற்றிருந்தால் அவற்றில் மிகப் பெரிய எண்ணோடு வந்ததையே இவரும் முன்மொழிய வேண்டும். தன் சொந்த விருப்பத்தைக் கைவிட வேண்டும். யாரும் எதையும் ஏற்கவில்லை என்றால்தான் சொந்த மதிப்பைச் சொல்லலாம். இரண்டாவது சுற்றில் பெரும்பான்மை அதை ஏற்றுக்கொண்டால் முடிவாயிற்று. "சொந்த விருப்பத்தைக் கைவிடு" என்ற அந்த ஒரு விதிதான், முன்னே எடுத்திருக்கக்கூடிய முடிவைப் பின்னால் வருகிறவர் அழிக்காமல் பார்த்துக்கொள்கிறது.

ராஃப்ட் எப்படி வேலை செய்கிறது? லைன் போனால் என்ன நடக்கும் என்று படிப்படியாகச் சொல்ல முடியுமா?

ராஃப்ட், பேக்ஸாஸ் செய்யும் அதே வேலைக்கான இன்னொரு முறை. 2014இல் வந்தது. ஆங்காரோவும் ஆஸ்டர்ஹவுட்டும் எழுதியது. படிக்கிறவருக்குப் புரிய வேண்டும் என்பதையே ஒரு குறிக்கோளாக வைத்துக்கொண்டு வடிவமைத்தார்கள். நான் வகுப்பெடுத்தால் இதிலிருந்துதான் தொடங்குவேன்.

ஒரு சர்வர் லீடர். புதுப் பதிவுகள் எல்லாம் அதன் வழியாகத்தான். லீடரின் ஆட்சிக்காலத்துக்கு டெர்ம் என்று பெயர். அதற்கு எண் உண்டு, அது ஏறிக்கொண்டே போகும், இறங்காது. லீடர் அடிக்கடி "இருக்கிறேன்" என்று துடிப்பு அனுப்பும். குறிப்பிட்ட நேரம் துடிப்பு வராவிட்டால் மற்றவர் தேர்தலுக்கு நிற்கலாம்.

இப்போது நம் மிளகுக்கு வருவோம். டெர்ம் 7. லீடர் ஏற்காடு. லாக்கில் 112 பதிவுகள், மூன்றிலும் ஒன்றே. இருப்பு 40 மூட்டை.

மலை லைன் போகிறது. ஏற்காட்டுக் கிடங்கில் ஒருவர் "15 மூட்டை விற்பனை" என்று போடுகிறார். ஏற்காட்டு சர்வர் இன்னும் தன்னை லீடர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது. தன் டிஸ்க்கில் 113ஆம் பதிவாக, டெர்ம் 7 என்ற குறியோடு எழுதிக்கொள்கிறது. மற்ற இரண்டுக்கும் அனுப்புகிறது, பதில் இல்லை. பெரும்பான்மை கிடைக்காததால் பில் உறுதியாகவில்லை. திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஆளுக்கு எரிச்சல் வரும். ஆனால் சர்வர் செய்வது சரி.

கீழே, துடிப்பு வரவில்லை. ஒவ்வொரு சர்வரும் தன் டைம்அவுட்டைத் தற்செயலாக எடுத்துக்கொள்ளும். மூலக் கட்டுரை 150 முதல் 300 மில்லிநொடி என்று உதாரணம் தருகிறது. ஒரே நேரத்தில் எல்லாரும் தேர்தலுக்கு நின்று வாக்குச் சிதறாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. ஐந்து ரோடு முதலில் விழித்துக்கொள்கிறது என்று வைப்போம். டெர்மை 8 ஆக்கி, தனக்குத் தானே வாக்குப் போட்டு, மற்றவர்களிடம் வாக்குக் கேட்கிறது. செவ்வாய்பேட்டை இரண்டு விஷயம் பார்க்கும்: இந்த டெர்மில் வேறு யாருக்காவது வாக்குப் போட்டிருக்கிறேனா? கேட்கிறவரின் லாக் என் லாக்கைவிடப் பழையதா? இரண்டும் இல்லை என்பதால் வாக்குப் போடுகிறது. மூன்றில் இரண்டு. ஐந்து ரோடு லீடர்.

செவ்வாய்பேட்டைக் கடையில் 30 மூட்டைக்கு ஆர்டர் வருகிறது. புதிய லீடர் அதை 113ஆம் பதிவாக, டெர்ம் 8 குறியோடு எழுதுகிறது. செவ்வாய்பேட்டையும் எழுதியாயிற்று என்கிறது. பெரும்பான்மை இருக்கிறது, பில் உறுதி. இருப்பு 10.

லைன் வருகிறது. ஏற்காடு டெர்ம் 7 லீடராகத் துடிப்பு அனுப்ப, "இங்கே டெர்ம் 8 நடக்கிறது" என்று பதில் வருகிறது. பெரிய எண்ணைப் பார்த்ததும் எந்த வாதமும் இல்லாமல் பதவி இறங்கிவிடுகிறது. அதன் லாக்கில் இருந்த டெர்ம் 7இன் 113ஆம் பதிவு நீக்கப்பட்டு, டெர்ம் 8இன் 113 அந்த இடத்தில் எழுதப்படுகிறது. கிடங்கு ஆளின் 15 மூட்டை பில் மறுபடி அனுப்பப்பட்டால், இருப்பு 10தான் என்று திரும்பிவிடும். அவருக்கு "விற்றாயிற்று" என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆகவே கொடுத்த வாக்குறுதி எதுவும் மீறப்படவில்லை.

வாக்குப் போடும்போது லாக்கை ஒப்பிடும் அந்த விதியைக் கவனியுங்கள். உறுதியான பதிவு பெரும்பான்மையிடம் இருக்கிறது. லீடராகவும் பெரும்பான்மை வாக்கு வேண்டும். இரண்டிலும் பொதுவானவர் ஒருவர் இருப்பார். அவர் தன்னைவிடப் பழைய லாக் உள்ளவருக்கு வாக்குப் போட மாட்டார். ஆக, உறுதியான பில் இல்லாத சர்வர் லீடராகவே முடியாது.

பதில் வராத பில்லை மறுபடி அனுப்பலாமா?

அனுப்பலாம், ஆனால் பில்லுக்கு ஒரு தனி எண் கொடுத்துவிட்டு. மேலே சொன்ன கதையைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள்: லைன் அறுவதற்கு ஒரு கண நேரம் முன்னால் 15 மூட்டைப் பதிவு ஐந்து ரோட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இப்போது ஐந்து ரோட்டின் லாக்தான் புதியது, அதுவே லீடராகும், அந்தப் பதிவும் அதனோடு பிழைத்து உறுதியாகிவிடும். கிடங்கு ஆளுக்குப் பதில் வரவில்லை, பில் நடந்துவிட்டது. அவர் இன்னொரு முறை அழுத்தினால் 30 மூட்டை போய்விடும். தனி எண் இருந்தால் "இது ஏற்கெனவே வந்தது" என்று சர்வர் கண்டுகொள்ளும். பதில் வரவில்லை என்பதற்கு நடக்கவில்லை என்று பொருள் இல்லை. திரையில் "தோல்வி" என்று காட்டுகிற நிரலாளர்களிடம் இதை வலியுறுத்திச் சொல்கிறேன்: "தெரியவில்லை, சரிபார்க்கிறோம்" என்று காட்டுங்கள்.

மழைக்காலத்தில் ஏற்காட்டில் விற்பனையே நின்றுவிடுமா? அது நியாயமா?

பிரிந்துபோன சிறுபான்மைப் பக்கம் நின்றுதான் ஆக வேண்டும். கம்பி அறுந்த நேரத்தில் எல்லாப் பக்கமும் பதில் சொல்லவும் வேண்டும், எல்லாப் பதிலும் ஒத்துப்போகவும் வேண்டும் என்றால் நடக்காது. 2000இல் எரிக் புரூவர் இதைச் சொன்னார். 2002இல் கில்பர்ட்டும் லின்ச்சும் நிரூபித்தார்கள்.

ஆனால் வியாபாரத்தை நிறுத்தாமல் இருக்க நல்ல வழி உண்டு. 40 மூட்டையில் 10ஐ முன்கூட்டியே ஏற்காட்டுக்கு ஒதுக்கிவிடுங்கள். ஒதுக்கீடு மட்டும் ஒருமித்த முடிவாக லாக்கில் ஏறட்டும். அந்த 10க்குள் ஏற்காடு யாரையும் கேட்காமல் விற்கலாம். வேறு யாரும் அதைத் தொட மாட்டார்கள். தீர்ந்தால் மறுபடி ஒதுக்கீடு கேட்கட்டும். 1986இலேயே பேட்ரிக் ஓ'நீல் இந்த வகை உத்தியை எழுதியிருக்கிறார். எங்கே ஒருமித்த முடிவு தேவையில்லை என்று கண்டுபிடிப்பதும் இந்தத் துறையின் பாதி வேலை.

சர்வர்களை எங்கே வைப்பது? மூன்றையும் சேலத்திலேயே வைக்கலாமா?

எந்த ஆபத்துக்குப் பயப்படுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒரே கட்டடத்தில் மூன்று பெட்டி வைத்தால் டிஸ்க் பழுதைத் தாங்கும், கட்டடத்துக்குள் தண்ணீர் புகுந்தால் தாங்காது. இரண்டு ஒரே இடத்தில், ஒன்று வெளியே என்று வைத்தால், அந்த இரண்டு இருக்கும் இடம் போனதும் எல்லாம் நிற்கும்.

ஊர் விட்டு ஊர் வைத்தால் நேரச் செலவு உண்டு. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கி.மீ. போகும். சேலத்திலிருந்து பெங்களூரு சாலை வழியாகச் சுமார் 200 கி.மீ.; போய்வர 2 மில்லிநொடி. சென்னை சுமார் 340 கி.மீ.; போய்வர 3.4. இழை நேராகப் போவதில்லை, வழியில் கருவிகளும் உண்டு. நிஜத்தில் இதைவிடக் கூடும். லீடர் சேலத்தில், மற்ற இரண்டும் அந்த இரண்டு ஊரில் என்றால், லீடரோடு இன்னொருவர் எழுதினாலே பெரும்பான்மை. ஆகவே அருகில் இருப்பவரின் வேகம்தான் கணக்கு. பில் போடும் வேலைக்கு இந்தத் தாமதம் கண்ணுக்கே தெரியாது.

டைம்அவுட்டை இந்தத் தூரத்துக்கு ஏற்பச் சரிசெய்யுங்கள். ராஃப்ட் முறையில் ஓடும் எட்சிடி (etcd) என்ற தயார் மென்பொருளில் துடிப்பு 100 மில்லிநொடி, தேர்தல் டைம்அவுட் 1,000 மில்லிநொடி என்பது அமைத்தே வரும் அளவு. தமிழ்நாட்டுக்குள் அது தாராளமாகப் போதும்.

டூ-ஃபேஸ் கமிட்டும் இதுவும் ஒன்றுதானா?

இல்லை. டூ-ஃபேஸ் கமிட்டில் ஒரு ஒருங்கிணைப்பாளர் முதலில் எல்லாரிடமும் "தயாரா" என்று கேட்டு, பிறகு "செய்" என்று சொல்வார். அதில் எல்லாரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் காணாமல் போனாலும் வேலை தேங்கும். எல்லாரும் "தயார்" என்று சொன்ன பிறகு ஒருங்கிணைப்பாளர் செத்துவிட்டால், மற்றவர்கள் பூட்டைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். கூகுளின் ஸ்பானர் போன்ற தரவுத்தளங்கள், பங்கெடுக்கும் ஒவ்வொரு தரப்பையும் ஒரு பேக்ஸாஸ் குழுவாக ஆக்கி இந்தத் தேக்கத்தைத் தவிர்க்கின்றன.

ஒரு சர்வர் பொய் சொன்னால்?

இதுவரை சொன்னதெல்லாம் செத்துப்போகும் சர்வருக்கு. பொய் சொல்லும் சர்வருக்குப் பெரும்பான்மை போதாது. மூன்று பேரில் ஒருவர், ஒருவரிடம் "விற்கச் சொன்னார்கள்" என்றும் இன்னொருவரிடம் "விற்காதே என்றார்கள்" என்றும் சொல்கிறார். ஏமாந்த இருவரும் ஒப்பிட்டுப் பார்த்தாலும், முதலாமவர் பொய்யரா, எதிரில் இருப்பவர் பொய்யரா என்று தீர்மானிக்க வழியில்லை. கையொப்பம் இல்லாத செய்திகளில் ஒரு பொய்யரைச் சமாளிக்க 4 பேர் வேண்டும், இருவரைச் சமாளிக்க 7. பீஸ், ஷோஸ்டாக், லாம்போர்ட் மூவரும் 1980இல் இதை நிரூபித்தார்கள். 1982இல் பைசாந்தியத் தளபதிகள் என்ற பெயரோடு வந்தது. காஸ்ட்ரோவும் லிஸ்கோவும் 1999இல் இதை நடைமுறை வேகத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

சொந்தக் கடையின் மூன்று சர்வருக்கு இது வேண்டாம் என்பதே என் கருத்து. ஒருவரையொருவர் நம்பாத பல நிறுவனங்கள் ஒரே கணக்கைப் பகிர்ந்தால் யோசிக்கலாம்.

பிட்காயின் இதைத்தானே செய்கிறது?

யார் யார் உறுப்பினர் என்றே தெரியாத கூட்டத்தில் செய்கிறது, அதுதான் புதுமை. 2008இல் திட்டம் வந்தது, 2009இல் ஓடத் தொடங்கியது. தலைகளை எண்ண முடியாததால் கணக்கிடும் உழைப்பை எண்ணுகிறது. சராசரி 10 நிமிடத்துக்கு ஒரு பிளாக், அதாவது பரிவர்த்தனைகளின் ஒரு தொகுப்பு, சேரும். முடிவு அறுதியானதாக இருக்காது. மேலே பிளாக்குகள் சேரச் சேர மாறும் வாய்ப்புக் குறையும், அவ்வளவே. இதேபோன்ற இன்னொரு அமைப்பான எத்தீரியம் 2022 செப்டம்பரில் உழைப்பை விட்டுவிட்டு, நாணயத்தைப் பிணையாக வைத்து வாக்களிக்கும் பங்குவைப்பு முறைக்கு மாறிவிட்டது. மிளகு மண்டிக்கு இரண்டும் தேவையில்லை.

இதை நாமே எழுதலாமா?

கற்றுக்கொள்ள எழுதுங்கள், ராஃப்ட்டைச் சொந்தமாக எழுதிப் பார்த்த மாணவருக்குப் புரிவதுபோல் வேறு யாருக்கும் புரிவதில்லை. கடையில் ஓட்டுவதற்கு எட்சிடி, ஜூகீப்பர் போன்ற நன்றாக அடிபட்டுத் தேறியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பல கணினிகளில் மென்பொருள்களை ஓட்டி நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் தன் நிலைத் தகவலை எட்சிடியில்தான் வைத்திருக்கிறது. கைல் கிங்ஸ்பரி 2013 முதல் தரவுத்தளங்களின் நெட்வொர்க்கை வேண்டுமென்றே அறுத்துச் சோதித்து வருகிறார். பெயர்பெற்ற பல மென்பொருள்கள் அந்தச் சோதனையில் தடுமாறியிருக்கின்றன.

மின்தடைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? யூபிஎஸ் இருக்கிறதே?

நிறையச் சம்பந்தம். சர்வர் வாக்குப் போட்டதையும் பதிவை ஏற்றதையும் டிஸ்க்கில் உண்மையாகவே எழுதிய பிறகுதான் பதில் அனுப்ப வேண்டும். வேகத்துக்காக இதை அணைத்துவைக்கும் பழக்கம் இருக்கிறது. செவ்வாய்பேட்டை டெர்ம் 8இல் ஐந்து ரோட்டுக்கு வாக்குப் போட்டுவிட்டு, டிஸ்க்கில் எழுதுவதற்குள் மின்சாரம் போகிறது, யூபிஎஸ் பேட்டரி பழசு. திரும்ப எழுந்ததும் வாக்குப் போட்டது நினைவில் இல்லை. அதே டெர்ம் 8இல் ஏற்காடு கேட்டால் அதற்கும் போடும். ஒரே டெர்மில் இரண்டு லீடர். மேலே சொன்ன நிரூபணம் எல்லாம் அந்த இடத்தில் உடைந்துவிடுகிறது. மறதிக்காரச் சர்வர் செத்த சர்வரைவிட ஆபத்தானது. பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளுக்கு முன், ஒவ்வொரு சர்வராக ஒழுங்காக நிறுத்திப் பழகுங்கள்.

ஒரு சர்வர் நிரந்தரமாகப் போய்விட்டது. புதிதை எப்படிச் சேர்ப்பது?

முதலில் செத்ததை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்குங்கள், அப்புறம் புதியதைச் சேருங்கள். மாற்றிச் செய்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். மூன்றில் ஒன்று செத்திருக்கிறது. புதியதைச் சேர்த்ததும் உறுப்பினர் 4, பெரும்பான்மை 3. உயிரோடு இருக்கும் பழையவை 2. புதியதின் ஐபி முகவரியில் ஒரு எழுத்துத் தவறியிருந்து அது சேரவே இல்லை என்றால், மூன்று வாக்கு எங்கிருந்தும் வராது. செய்த தவறைத் திருத்தவும் பெரும்பான்மை வேண்டும் என்பதால் பின்வாங்கவும் முடியாது. முதலில் நீக்கினால் உறுப்பினர் 2, பெரும்பான்மை 2, இருவரும் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு சேர்ப்பதில் தப்பு நடந்தால் 3இல் 2 என்று நிற்கும், திருத்திக்கொள்ளலாம். நீக்குவதற்கும் சேர்ப்பதற்கும் நடுவே உள்ள நேரத்தில் மீதி இரண்டில் ஒன்றையும் ரீஸ்டார்ட் செய்யாதீர்கள்.